பசலை பூசிய முகம்

மன்னார்குடிக்கு அருகே சிற்றூர் ஒன்றிலே, இயக்கத்தில் தலை நரைத்த தோழர் ஒருவருடைய இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரிலே மூன்று படங்கள். முதற்படத்தில் பெரியார் — வெண்தாடி, கண்ணாடி, நெற்றியிலே காலம் உழுத சால்கள். அடுத்ததில் அண்ணா — படியாத தலை, மழிக்காத மோவாய், எதையோ சொல்லத் தொடங்கும் உதடு. மூன்றாவது படம் புதியது. அளவிலே முன்னிரண்டையும்விடப் பெரியது. சட்டத்தின் பொன்முலாம் இன்னும் மங்கவில்லை. தோழருடைய மகளின் திருமணக் கோலம் என்றார்கள்.

“படம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார் தோழர்.

“நன்றாகத்தான் இருக்கிறது. யார் இந்தப் பெண்?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நான் கேலி பேசுவதாக எண்ணிக்கொண்டார் போலும். கேலி அன்று. அந்தப் பெண்ணைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்தவன் நான். நல்ல கருநிறம் அவளுக்கு. வலப்புருவத்தின் மேலே சிறு வடு. ஏழு வயதில் திண்ணையிலிருந்து விழுந்ததன் நினைவுச் சின்னம். இன்று பள்ளி ஆசிரியை. வகுப்பறையில் அவள் புருவத்தை உயர்த்தினால் பிள்ளைகள் அடங்குவார்களாம். சுவரிலே இருந்த மங்கையோ கோதுமை நிறத்தவள். அவளுக்கு வடு இல்லை. மூக்கு ஒடுங்கியிருந்தது. புருவம் வில்லாக வளைந்திருந்தது, ஆனால் எவரையும் அடக்கக்கூடியதாக இல்லை. தோழர் வற்புறுத்தியிராவிட்டால் யாரோ நகைக்கடை விளம்பரத்தைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார் என்றே எண்ணியிருப்பேன்.

கவிதையைத் திறனாய்கிறோம்; நாடகத்தைத் திறனாய்கிறோம்; திரைப்படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறோம். வீட்டுக்கு வீடு தொங்கும் இந்தத் திருமணப் படத்தை மட்டும் யாரும் திறனாய்வதில்லை. மங்கல நிகழ்ச்சியாம், குறை சொல்லலாகாதாம்! ஆனால் நம் மக்களுள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் பணம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளும் கலைப்படைப்பு இது ஒன்றுதான். அதைக் கலையென மதித்து ஆய்ந்தால்தான் அதற்கும் மதிப்பு, அவர்களுக்கும் மதிப்பு.

படத்தைப் படமாகவே பார்ப்போம். மணமகள் இரு கைகளையும் மோவாய்க்குக் கீழே கோத்து வைத்திருக்கிறாள். மருதாணி இட்ட கைகள். அந்தக் கைகள்தான் முதலில் என்னிடம் பேசின. முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று படிகள். காதோரத்திலே ஒரு கோடு. அங்கே பூச்சு முடிகிறது, பெண் தொடங்குகிறாள். கழுத்துவரை பூசிய ஒப்பனையாளர், விரல்நுனிவரை பூச மறந்துவிட்டார். சில படநிலையங்களிலே இந்தக் குறையையும் பிறகு கணினியில் சரிக்கட்டிவிடுகிறார்களாம். கைக்கும் வெண்மை ஏற்றிவிடுகிறார்களாம். இங்கே அந்தச் ‘செம்மை’ நடைபெறவில்லை. நல்லவேளை! சாட்சி சொல்ல இரண்டு கைகளாவது மிஞ்சின.

வீட்டார் கைப்பேசியிலே மற்றொன்றும் காட்டினார்கள். ஒப்பனை செய்த அம்மையார் தம் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக எடுத்து இணைத்த இரட்டைப் படம். இடப்பக்கம் ஒப்பனைக்கு முன். வலப்பக்கம் ஒப்பனைக்குப் பின். தொழில் முறையிலே முகத்தை மாற்றியமைத்து, உடனே படமெடுத்துக் காட்டும் இந்த முன்–பின் இணைப்பு இன்று தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கென இலக்கணமும் உண்டு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புரட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

‘முன்’ படம் எங்கே எடுக்கப்பட்டது? மண்டபத்து அறையிலே, தலைக்கு மேலே எரியும் குழல் விளக்கின் கீழே. மேலிருந்து விழும் ஒளி யார் முகத்திலும் கண்குழியை இருட்டாக்கும்; மூக்கின் நிழலை உதட்டின்மேல் தள்ளும். உலக அழகி என்று முடிசூட்டப்பட்டவளை அங்கே நிறுத்தினாலும் நோயாளியாகத்தான் தெரிவாள். கைப்பேசியை முகத்துக்கு மிக அருகே நீட்டி எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தால் முன்னிற்கும் மூக்கு பெருக்கும், பின்னிற்கும் காது சுருங்கும். பெண் சிரிக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி உட்காரவைத்தால் யார் சிரிப்பார்கள்? ‘பின்’ படத்திலோ எல்லாம் வேறு. முகத்துக்கு நேரே வட்ட விளக்கு. நீண்ட குவியத் தொலைவுள்ள லென்ஸ், எட்ட நின்று எடுத்தது. பின்புலம் மங்கியிருக்கிறது. பெண் சிரிக்கிறாள், சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, இரண்டு படங்களுக்கும் இடையே மாறியவை ஒளி, தொலைவு, லென்ஸ், முகக்குறிப்பு, கடைசியாகத்தான் பூச்சு. புகழ் முழுவதும் பூச்சுக்கு. பழி முழுவதும் பெண்ணின் பிறந்த முகத்துக்கு! வழக்காடு மன்றத்திலே ஒரு தரப்புச் சாட்சியை இருட்டறையிலும் மறு தரப்புச் சாட்சியை அரியணையிலும் அமர்த்தி நீதி வழங்கினால் ஒப்புவோமா? பூச்சில்லாத முகத்தை அதே வட்ட விளக்கின் முன், அதே லென்ஸால் எடுத்து இடப்பக்கம் வைக்கட்டும். அப்போது பார்ப்போம், ஒப்பனையின் பங்கு எவ்வளவு என்று.

சரி, பின்படத்தைத் தனியே எடுத்துக்கொள்வோம். அது நல்ல படமா? நான் இல்லை என்கிறேன். காரணம் அறமன்று, கலை.

நிழற்படம் என்று தமிழிலே ஒரு பெயர் வழங்குகிறது. ஒளியைப் பிடிக்கும் கருவிக்கு நிழலை வைத்துப் பெயர் சூட்டியவர்கள் பொருளறிந்தவர்கள். முகத்தை முகமாக்குவது ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லை. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளிர்ந்த முகத்தின் வடிவை நிழல் வரைந்து காட்டுகிறது. கருத்த முகத்தின் வடிவை ஒளி வரைந்து காட்டுகிறது. கருந்தோலின்மேல் பக்கவாட்டிலிருந்து அகன்ற ஒளி படும்போது, கன்னத்தின் மேட்டிலும், மூக்கின் தண்டிலும், மேலுதட்டின் விளிம்பிலும் மின்னல் கீற்றுகள் தோன்றும். நனைந்த கருங்கல் சிலையை மாலை வெயிலிலே பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்தக் கீற்றுகளே அந்த முகத்தின் எலும்பும் இசையும்.

ஒப்பனை முதலில் செய்வது என்ன? மாவு தூவி அந்த மினுக்கத்தை அழிக்கிறது. வட்ட விளக்கு அடுத்துச் செய்வது என்ன? நேரே நின்று எஞ்சிய நிழலையும் அழிக்கிறது. ஒளிக்கீற்றும் போயிற்று, நிழலும் போயிற்று. எஞ்சுவது கண்ணும் உதடும் ஒட்டிய தட்டு! போதாக்குறைக்குப் பூச்சுகள் பலவற்றிலே டைட்டானியம் டை ஆக்சைடு கலந்திருக்கிறது. பிளாஷ் வெடிக்கும்போது அது ஒளியைத் திருப்பியடிக்கும். நேரில் பார்க்கையில் பொருந்தியிருந்த முகம் படத்திலே சாம்பல் பூத்துக் கிடக்கும். மணமேடையைப் பாருங்கள்: பின்னாலே வெண்பூச் சுவர், சரவிளக்கு, பொன் திரை. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாகக் கணக்கிடும் இயல்புடையது. வெண்மை மிகுந்தால் ஒளியைக் குறைத்துவிடும். முன்னே நிற்கும் முகம் இருண்டுவிடும். முகத்தின்மேல் அளவெடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டியது படக்காரர் கடமை. அதைச் செய்யத் தெரியாதவர், “பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பூசுங்கள்” என்கிறார். கருவியைத் திருத்தத் தெரியாதவன் பெண்ணைத் திருத்தப் புறப்படுகிறான்.

கருவியைக் குறை கூறினேன். கருவிக்கு நிறவெறி உண்டா என்று சிலர் கேட்கலாம். கருவிக்கு இல்லை, செய்தவர்களின் கண்ணிலே இருந்தது. வண்ணப் படச்சுருள் உலகெங்கும் பரவிய காலத்தில், கோடாக் நிறுவனம் படம் கழுவும் நிலையங்களுக்கு ஓர் அளவுகோல் அட்டை அனுப்பிற்று. அதிலே ஒரு வெள்ளை மாது. முதலில் படத்துக்கு அமர்ந்த ஊழியப் பெண்ணின் பெயரால் அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி, அவள்தான் இயல்பு, மற்றவர் நிறமெல்லாம் பிழை. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். அதிலே நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று. பழுப்பு நிறத்தின் நுண் வேறுபாடுகள் படச்சுருளிலே பதியவில்லை என்ற முறையீட்டுக்கு நிறுவனம் செவிசாய்த்தது யார் பொருட்டு? கருப்பின மக்களின் தாய்மார் தம் பிள்ளைகளின் முகம் தெரியவில்லை என்றார்களே, அவர்கள் பொருட்டா? மரச்சாமான் வணிகரும் சாக்கலேட் உற்பத்தியாளரும் முறையிட்ட பிறகே வேலை விரைந்தது! மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த நீதி மனிதனுக்குப் பின்னர்தான் கிடைத்தது.

அந்தக் காலம் மாறிற்று. 2017இல் பாடகி ரிஹானா தொடங்கிய ஃபென்டி நிறுவனம் 40 சாயல்களில் முகப்பூச்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2021இல் கூகுள் நிறுவனம் கருநிறத்தைச் சரியாகக் காட்டும் ஏற்பாட்டைத் தன் கைப்பேசிக் கேமராவிலே சேர்த்தது. ஆக, கருத்த முகத்துக்கேற்ற பூச்சு கிடைக்கவில்லை, கேமராவால் முடியவில்லை என்னும் சாக்குகள் இன்று செல்லா. மனம்தான் மாறவில்லை.

மாறாத இந்த மனம் தமிழனின் தொன்மை மனமா? அன்று என்பதைத் தமிழ்ச் சொல்லே கூறும். சங்கப் பாடல்களிலே பெண்ணின் மேனியழகைச் சுட்டும் சொல் மாமை. மாந்தளிரின் நிறம்; கருமை கலந்த பொலிவு. தலைவியை மாஅயோள் என்று அழைப்பதிலே அன்றைய புலவனுக்குக் கூச்சமில்லை. சரி, அந்த மாமை போய் மேனி வெளிறினால் அதற்கு என்ன பெயர்? பசலை. பிரிவினால் வரும் நோய். கண்ட தோழி கலங்குவாள். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார், பசப்புறு பருவரல் என்று. வெளிறுதல் நோயின் அறிகுறி, கருத்துப் பொலிதல் நலத்தின் அறிகுறி என்று எழுதிவைத்த மொழியைப் பேசும் வீட்டிலே, திருமண நாளன்று, பணம் கொடுத்து, மூன்று மணி நேரம் உட்காரவைத்துப் பெண்ணின் முகத்திலே பசலை பூசுகிறார்கள்! பிரிவுத் துயரை மணநாளிலேயே வண்ணமாக வாங்கும் விந்தையை எந்தப் புலவனும் கற்பனை செய்ததில்லை.

இடையிலே புகுந்தது வாணிகம். 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு வந்தது. 2005இல் ஆடவருக்கும் ஒன்று வந்தது. சமத்துவம் இந்த வழியிலா வரவேண்டும்! 2020இல் உலகெங்கும் எழுந்த நிறவெறி எதிர்ப்புக் குரலின் விளைவாக, பழைய களிம்பு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. அதே ஆண்டில் ஷாதி என்னும் மணத்தரகு நிறுவனம், தோல் நிறத்தால் வரன் தேடும் வசதியை நீக்கிற்று. பெயர்ப்பலகை மாறிற்று. ஆனால் நம் பேச்சிலே ‘கொஞ்சம் சிவப்பாக இருக்கிறாள்’ என்பது இன்றும் பாராட்டு. ‘மாநிறம்’ என்பது சமாதானம். ‘கறுப்பு’ என்பது குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டிய சொல். நிறம் சாதி பார்த்துப் பிறப்பதில்லை என்று எல்லா ஊரும் கண்ணாரக் காண்கிறது. ஆனாலும் வெளுப்பை மேலென்றும் கருப்பைக் கீழென்றும் பிரிக்கும் கணக்கு, சாதிக் கணக்கின் பங்காளி அல்லாமல் வேறென்ன?

எதிர்ப்பு எழாமலும் இல்லை. ‘கருமை அழகு’ என்னும் பொருள்பட, ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் 2009இல் தொடங்கியது நம் சென்னையிலேதான். 2017இன் இறுதியில் சென்னைப் படக்கலைஞர் இருவர் கருத்த இளைஞரையும் பெண்டிரையும் கடவுளர் கோலத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். ஒளியமைப்பு உயர்ந்தது; நான் மேலே சொன்ன மின்னல் கீற்றுகளை அங்கே காணலாம். கருத்த பெண்ணை அழகாகக் காட்ட அவளை இலட்சுமியாக்க வேண்டியிருந்ததே என்பதுதான் என் வருத்தம். ஆசிரியையாக, செவிலியாக, அஞ்சல் நிலைய எழுத்தராக நின்றால் அந்த ஒளி அவள்மேல் விழாதா?

ஒப்பனையே வேண்டாம் என்கிறவன் அல்லேன் நான். பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளட்டும், நகை மாட்டும் பொம்மைகளாக இராதிருக்கட்டும் என்று பெரியார் சொன்னார். அந்த உறுதி எல்லோர்க்கும் வராது. தன்னை ஒருநாள் அழகுபடுத்திக்கொள்ள விரும்பும் பெண்ணின் ஆசைமீது ஆடவன் தடி ஓங்குவதும் ஆதிக்கமே. கண்ணுக்கு மை எழுதட்டும். உதட்டுக்குச் சிவப்பு ஏற்றட்டும். அவை இருப்பதை எடுத்துக்காட்டுவன. என் வழக்கு அந்த ஒரே ஒரு பூச்சின் திசையைப் பற்றியது. பெண்ணுக்குப் பெண் முகம் வேறு. நிறம் மாற்றும் திசை மட்டும் எப்போதும் ஒன்றே. வெளிர்ந்த பெண்ணைச் சற்றுக் கருப்பாக்கிப் படமெடுத்தார் என்று எந்த மண்டபத்திலேனும் கேட்டதுண்டா?

ஒப்பனை செய்த அம்மையாரையும் பழிக்க மாட்டேன். மணவிழாவிலே அவரிடம் பேசினேன். தையல் இயந்திரத்தை விட்டு இத்தொழில் கற்று, இரு பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தவர். “உள்ள நிறத்துக்கே பூசத் தெரியும் ஐயா. அதற்கான சாயலும் பெட்டியில் இருக்கிறது. அப்படிப் பூசினால், ஒன்றுமே செய்யவில்லையே என்று மீதிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்” என்றார். அவர் கைத்திறன் அங்கே கட்டுண்டு கிடக்கிறது. கட்டியவர்கள் நாம்.

நாம் என்றேன், அதுதான் என்னை உறுத்துகிறது. அன்று நடந்தது சுயமரியாதைத் திருமணம். அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் சட்டமன்றம் ஏற்புடையதாக்கிய அதே முறை. தீ இல்லை, மந்திரம் இல்லை, நல்ல நேரம் பார்க்கவில்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், உறுதிமொழி கூறினார்கள், வாழ்த்துரைகள் நிகழ்ந்தன. ஆனால் பத்து மணிக்கு என்று அழைப்பிதழிலே அச்சிட்ட விழா பதினொன்றேகாலுக்குத் தொடங்கிற்று. ஏன்? முகம் இன்னும் முடியவில்லையாம்! இராகு காலத்துக்காக ஒரு நொடியும் காத்திராத கூட்டம், பூச்சு உலர்வதற்காக ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தது. புரோகிதரை இறக்கிவிட்ட மேடையிலே யார் ஏறி அமர்ந்திருக்கிறார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. மேடையிலே எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வாழ்த்துரை வழங்கி, சால்வை பெற்றுத் திரும்பினேன்.

நான் தோழர் வீட்டிலே அமர்ந்திருந்த அன்று மாலை, பெண் பள்ளியிலிருந்து வந்தாள். முகம் கழுவிக் காப்பி கொணர்ந்தாள். பேச்சு படத்தைப் பற்றியே என்று அறிந்ததும், “இன்னொன்று இருக்கிறது மாமா, தம்பி எடுத்தது” என்று கைப்பேசியை நீட்டினாள்.

திருமணத்துக்கு மறுநாள் மாலை, கொல்லைக் கிணற்றின் சுவரில் அமர்ந்திருக்கிறாள். தலை ஈரம் உலரவில்லை. மேற்கிலிருந்து சாய்ந்த வெயில் இடக்கன்னத்திலே ஒரு கீற்று, மூக்கிலே ஒரு கீற்று. மறுபக்கம் நிழல், அந்த நிழலுக்குள்ளேயும் கண் தெளிவாகத் தெரிகிறது. வடு தெரிகிறது. யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்; பதில் சொல்ல வாய் திறக்கிறாள்; புருவம் உயர்ந்திருக்கிறது. மடியிலே கிடக்கும் கைகளும் முகமும் ஒரே நிறம். தம்பிக்குப் படக்கலை தெரியாது. வெளிச்சம் போய்விடும் என்று அவசரமாக எடுத்தானாம். பத்தாண்டு பயின்றவருக்கும் எளிதிலே வாய்க்காத படம்.

“இதையல்லவா பெரிதாக்கி மாட்டியிருக்க வேண்டும்?” என்று தோழரிடம் நீட்டினேன்.

மாலைக் கூட்டத்துக்குப் புறப்பட இருந்தவர், கருப்புச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதிலே கறுப்பாக இருக்கிறாளே” என்றார்.

பெண் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.